எக்கோ திட்டம்

எக்கோ திட்டம் என்பது, மருத்துவக் கல்லூரிகளில் பணிபுரியும் சிறப்பு மருத்துவர்களையும் தொலைவிலுள்ள ஊர்களில் பணிபுரியும் குடும்ப மருத்துவர்களையும் காணொளி வழியாகக் குறித்த இடைவெளியில் இணைத்து நடத்தப்படும் தொடர் மருத்துவக் கல்வி முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ பல்கலைக்கழகத்தில், கல்லீரல் நோய் மருத்துவரான சஞ்சீவ் அரோரா 2003 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். கல்லீரல் அழற்சி சி என்னும் ஒரே நோய்க்காகத் தொடங்கப்பட்ட இம்முறை, பின்னர் நீரிழிவு, எய்ட்சு, நாட்பட்ட வலி, போதைப் பழக்கம், மனநோய் முதலிய பலவற்றுக்கும் விரிவடைந்தது. இந்தியா உட்படப் பல நாடுகளில் இது பின்பற்றப்படுகின்றது.

நோயாளியை நகரத்துக்கு வரவழைப்பதற்கு மாறாக, நோயாளியின் ஊரிலுள்ள மருத்துவரிடம் அறிவைக் கொண்டு சேர்ப்பதே இத்திட்டத்தின் அடிப்படைக் கருத்தாகும்.

பெயர்

சமுதாய மருத்துவ நலப் பயன்களை விரிவாக்குதல் என்று ஏறத்தாழப் பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரின் முதல் எழுத்துகளைக் கொண்டு எக்கோ என்னும் பெயர் அமைக்கப்பட்டது. அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் எதிரொலி என்ற பொருளும் உண்டு.

பின்னணி

தொடர் மருத்துவக் கல்வி

மருத்துவர் ஒருவர் பட்டம் பெற்ற பின்னர் முப்பது, நாற்பது ஆண்டுகள் பணியாற்றுகின்றார். அக்காலத்துக்குள் அவர் கல்லூரியில் கற்ற மருந்துகளும் சிகிச்சை முறைகளும் பெரிதும் மாறிவிடுகின்றன. எனவே பணியில் இருக்கும்போதே மீண்டும் மீண்டும் கற்பது இன்றியமையாதது. இதற்கென அமைந்த பயிற்சிகள் தொடர் மருத்துவக் கல்வி எனப்படுகின்றன.

குடும்ப மருத்துவர்களுக்கு இத்தேவை மிகுதி. இதய மருத்துவர் இதயத்தைப் பற்றிய புதிய செய்திகளை அறிந்தால் பெருமளவு போதும். குடும்ப மருத்துவரோ குழந்தையின் காய்ச்சல் முதல் முதியவரின் மறதி நோய் வரை அனைத்தையும் பார்க்க வேண்டியவர். ஐக்கிய அமெரிக்காவில் 1947 ஆம் ஆண்டு தோன்றிய பொது மருத்துவர்களின் அமைப்பு, தன் உறுப்பினர்கள் மூன்று ஆண்டுகளுக்கு 150 மணி நேரம் தொடர் கல்வி பெற வேண்டும் என்பதை உறுப்புரிமைக்கான நிபந்தனையாக்கியது. இவ்வமைப்பே பின்னர் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் கழகமாக மாறியது. மருத்துவர் தமது உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர் கல்வி கட்டாயம் என்று 1971 ஆம் ஆண்டில் முதன்முதலாக விதித்த அமெரிக்க மாநிலம் நியூ மெக்சிக்கோ ஆகும். இந்தியாவில், இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002 ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி பெற வேண்டும் என்று கூறுகின்றன.

ஆனால், மண்டபத்தில் அமர்ந்து சொற்பொழிவு கேட்பதனால் மட்டும் மருத்துவரின் சிகிச்சை முறை மாறுவதில்லை என்பதை 1990களில் தொகுக்கப்பட்ட ஆய்வுகள் காட்டின. கலந்துரையாடலும் செய்முறையும் கொண்ட பயிற்சிகளே நடைமுறையில் மாற்றத்தை ஏற்படுத்தின. இணையம் பரவிய பின்னர், இணையவழிப் பாடங்கள் நேரடிப் பயிற்சிக்கு ஈடாகுமா என்ற கேள்வி எழுந்தது. கொலசுட்ரால் சிகிச்சை தொடர்பாக முதனிலை மருத்துவர்களிடையே நடத்தப்பட்டு 2005 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வொன்று, நன்கு அமைக்கப்பட்ட இணையவழிப் பயிற்சி நேரடிப் பயிலரங்குக்குக் குறைந்ததன்று என்று காட்டியது. ஆயினும் கணினித் திரையில் பாடத்தைப் படித்து, இறுதியில் சில வினாக்களுக்கு விடையளித்துச் சான்றிதழ் பெறும் முறையில், மருத்துவர் தனியராகவே கற்கின்றார். மறுநாள் தம் முன் வந்து அமரும் நோயாளியைப் பற்றி ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அங்கு எவரும் இல்லை. எக்கோ திட்டம் நிரப்ப முற்பட்டது இந்த இடைவெளியையே.

நியூ மெக்சிக்கோவின் நிலை

நியூ மெக்சிக்கோ, பரப்பளவில் ஐக்கிய அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய மாநிலம். மக்கள் தொகையோ ஏறத்தாழ 20 இலட்சம் மட்டுமே. பாலைநிலமும் மலையும் மிகுந்த இம்மாநிலத்தில் ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளன. சிறப்பு மருத்துவர்களில் பெரும்பாலோர் ஆல்புகெர்க்கி நகரத்தில் இருந்தனர்.

கல்லீரல் அழற்சி சி, குருதி வழியாகப் பரவும் தீநுண்மத்தால் ஏற்படுவது. இத்தீநுண்மம் 1989 ஆம் ஆண்டு இனங்காணப்பட்டது. தொற்றியவர்களுள் பெரும்பாலோருக்கு நோய் நாட்பட்டதாகி, பல ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் இன்றி உடலில் தங்குகின்றது. இருபது, முப்பது ஆண்டுகளில் இவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கல்லீரல் இழைநார் வளர்ச்சியும் கல்லீரல் புற்றுநோயும் உண்டாகின்றன. உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் நோயை முற்றிலும் குணப்படுத்த இயலும்.

நியூ மெக்சிக்கோவில் 28,000 பேருக்கு மேல் இந்நோய் இருந்ததாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. 2004 வரை அவர்களுள் 1,600 பேருக்கும் குறைவானவர்களே சிகிச்சை பெற்றிருந்தனர். மாநிலச் சிறைகளில் நோய் கண்டறியப்பட்டிருந்த 2,300 கைதிகளுள் ஒருவருக்கும் சிகிச்சை கிடைக்கவில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையில் சஞ்சீவ் அரோராவைக் காண எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. நோயாளிகள் சிலர் 250 மைல், அதாவது 400 கிலோமீட்டர், பயணம் செய்து வந்தனர்.

அன்றைய சிகிச்சையும் எளிதன்று. வாரந்தோறும் இன்டர்பெரான் ஊசியும் நாள்தோறும் ரிபாவிரின் மாத்திரையும் 24 அல்லது 48 வாரங்களுக்குத் தர வேண்டும். கடும் சோர்வு, குருதிச்சோகை, வெள்ளணுக் குறைவு, மனச்சோர்வு ஆகிய பக்கவிளைவுகள் அடிக்கடி தோன்றும். எனவே அடுத்தடுத்துக் குருதிச் சோதனையும் கண்காணிப்பும் தேவை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நாள் கூலியை இழந்து 400 கிலோமீட்டர் சென்று வர இயலாதவர்கள் சிகிச்சையைத் தொடங்கவே இல்லை. உள்ளூர்க் குடும்ப மருத்துவர்களோ, இவ்வளவு ஆபத்தான மருந்துகளைக் கையாளத் தமக்குப் பயிற்சி இல்லை என்று தயங்கினர்.

தோற்றம்

தாம் ஒருவர் எத்துணை விரைவாகப் பணியாற்றினாலும் இந்நோயாளிகள் அனைவரையும் பார்க்க இயலாது என்று அரோரா கருதினார். இந்தியாவில் புனே படைத்துறை மருத்துவக் கல்லூரியில் பயின்று ஐக்கிய அமெரிக்காவில் பணிபுரிந்து வந்த அவர், சிகிச்சை அளிக்கும் திறமையை உள்ளூர் மருத்துவர்களுக்கே கற்றுத் தருவது என முடிவு செய்தார். மாநிலம் முழுவதிலும் 16 சமுதாய மருத்துவ நிலையங்களும் ஐந்து சிறைகளும் ஆக 21 மையங்கள் தொடக்ககால வலையமைப்பில் இணைந்தன. குடும்ப மருத்துவர்களுடன், சிகிச்சை அளிக்கும் தகுதி பெற்ற செவிலியர்களும் இவற்றில் பங்கேற்றனர். நடுவண் அரசின் உடல்நல ஆய்வு மற்றும் தர முகமையும் மாநில அரசும் நிதியுதவி அளித்தன.

திட்டம் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளில், பல்கலைக்கழக மருத்துவமனையில் எட்டு மாதமாக இருந்த காத்திருப்புக் காலம் இரண்டு வாரமாகக் குறைந்தது.

செயல்முறை

இம்முறை சக்கரத்தின் குடத்தையும் ஆரக்கால்களையும் ஒத்தது. மருத்துவக் கல்லூரியிலுள்ள நிபுணர் குழு நடுவமாக அமைகின்றது. ஊர்களிலுள்ள மருத்துவ நிலையங்கள் கிளைகளாகின்றன. கல்லீரல் அழற்சி சி குழுவில் கல்லீரல் மருத்துவருடன் மனநல மருத்துவர், மருந்தியலாளர், செவிலியர் ஆகியோரும் இடம்பெற்றனர்.

வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், கிளைகள் அனைத்தும் ஒரே காணொளி அமர்வில் கூடுகின்றன. தொடக்க காலத்தில் காணொளி வசதியற்றவர்கள் தொலைபேசி வழியாகவும் இணைந்தனர். அமர்வு பொதுவாகப் பின்வருமாறு நடைபெறும்:

1. பங்கேற்பாளர்கள் தம்மை அறிமுகப்படுத்திக் கொள்கின்றனர்.
2. ஊர் மருத்துவர் ஒருவர் தம் நோயாளியின் நிலையை ஒரே சீரான படிவத்தின்படி எடுத்துரைக்கின்றார். நோயாளியின் பெயரோ அடையாளமோ வெளியிடப்படுவதில்லை.
3. முதலில் பிற ஊர் மருத்துவர்களும் பின்னர் நிபுணர்களும் வினாக்கள் எழுப்பிப் பரிந்துரைகள் கூறுகின்றனர்.
4. நிபுணர் ஒருவர் ஒரு குறிப்பிட்ட பொருள் பற்றிச் சுருக்கமாக உரையாற்றுகின்றார்.
5. பரிந்துரைகள் எழுத்து வடிவில் மருத்துவருக்கு அனுப்பப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, சிகிச்சை பெறும் ஒருவரின் ஈமோகுளோபின் அளவு எட்டாவது வாரத்தில் 13 கிராமிலிருந்து 9.6 கிராமாகக் குறைந்துள்ளது எனக் கொள்வோம். ரிபாவிரின் சிவப்பணுக்களைச் சிதைப்பதே இதற்குக் காரணம். தனித்துப் பணிபுரியும் மருத்துவர் அஞ்சி மருந்தை முற்றிலும் நிறுத்திவிடக் கூடும். அவ்வாறு செய்தால் நோய் குணமாகும் வாய்ப்பு இழக்கப்படும். இதயநோய் இல்லாதவருக்கு, ஈமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழ் குறைந்தால் ரிபாவிரினின் அளவைக் குறைக்கலாம், 8.5 கிராமுக்குக் கீழ் சென்றால் நிறுத்த வேண்டும் என்பது அம்மருந்துக்கான வழிகாட்டல். இதனை அமர்வில் அந்த மருத்துவர் அறிந்து கொள்கின்றார். அவருடன் அமர்வில் இருந்த மற்ற மருத்துவர்களும் அறிந்து கொள்கின்றனர். அடுத்த மாதம் தம் ஊரில் இதே நிலை தோன்றினால் அவர்கள் கேட்க வேண்டிய தேவை ஏற்படுவதில்லை.

இவ்வாறு மருத்துவர் தம் நோயாளி வழியாகவும், பிறருடைய நோயாளிகள் வழியாகவும், நிபுணர் உரை வழியாகவும், ஒத்த பணியில் உள்ளவர்களிடமிருந்தும் ஒரே நேரத்தில் கற்கின்றார். சிற்றூரின் நடைமுறைத் தடைகளை நிபுணர்களும் இவர்களிடமிருந்து அறிகின்றனர். எல்லோரும் கற்பிப்பவர், எல்லோரும் கற்பவர் என்பது இத்திட்டத்தின் முழக்கம். பங்கேற்கும் மணிகளுக்குத் தொடர் கல்விக்கான மதிப்பலகுகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

நான்கு அடிப்படைகள்

எக்கோ முறைக்கு நான்கு அடிப்படைகள் கூறப்படுகின்றன.

* தொழில்நுட்பம்: எண்ணிக்கையில் குறைந்த நிபுணர்களின் அறிவைப் பலரிடம் கொண்டு சேர்க்கக் காணொளியைப் பயன்படுத்துதல்.
* சிறந்த நடைமுறை: சான்றுகளின் அடிப்படையிலான ஒரே சிகிச்சை முறையை எல்லா இடங்களிலும் பின்பற்றச் செய்து, இடத்துக்கு இடம் தரம் வேறுபடுவதைக் குறைத்தல்.
* நோயாளி வழிக் கற்றல்: உண்மையான நோயாளிகளின் நிலைகளை ஆராய்வதன் வாயிலாகச் சிக்கலான நோய்களில் தேர்ச்சி பெறுதல்.
* விளைவுகளைக் கண்காணித்தல்: சிகிச்சையின் பயன்களைத் தரவுத்தளத்தில் பதிந்து அளவிடுதல்.

தொலை மருத்துவத்திலிருந்து வேறுபாடு

எக்கோ திட்டத்தைத் தொலை மருத்துவம் என்று கருதுவது பொருந்தாது. தொலை மருத்துவத்தில், நகரத்திலுள்ள நிபுணர் தொலைவிலுள்ள ஒரு நோயாளியைத் திரை வழியாகப் பார்த்துச் சிகிச்சை அளிக்கின்றார். அங்கு நிபுணரின் ஒரு மணி நேரத்தில் சில நோயாளிகள் மட்டுமே பயன்பெற இயலும். எக்கோ அமர்வில் நோயாளி திரையில் தோன்றுவதில்லை. நிபுணர் அவருக்குச் சிகிச்சை அளிப்பதும் இல்லை. முடிவும் பொறுப்பும் உள்ளூர் மருத்துவரிடமே உள்ளன. அவர் பெற்ற திறமை அவரிடமே தங்கி, அவரிடம் பின்னர் வரும் நோயாளிகளுக்கும் பயன்படுகின்றது.

2011 ஆம் ஆண்டு ஆய்வு

குடும்ப மருத்துவர் அளிக்கும் சிகிச்சை, நிபுணர் அளிக்கும் சிகிச்சைக்கு ஈடாகுமா என்பதே இத்திட்டம் எதிர்கொண்ட முதன்மையான கேள்வி. ஈடாகாது எனில், தொலைவில் வாழும் மக்களுக்குத் தரம் குறைந்த சிகிச்சையை வழங்குவதாகவே அது முடிந்திருக்கும்.

இதற்கு விடை காணும் ஆய்வு, 2011 ஆம் ஆண்டு சூன் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. இதற்கு முன் சிகிச்சை பெறாத 407 நோயாளிகள் இதில் இடம்பெற்றனர். இவர்களுள் 146 பேர் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 261 பேர் எக்கோ மையங்களிலும் சிகிச்சை பெற்றனர். சிகிச்சை முடிந்து 24 வாரங்களுக்குப் பின்னரும் குருதியில் தீநுண்மம் காணப்படாமை குணமடைந்ததன் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. முடிவுகள் வருமாறு:

* குணமடைந்தோர், அனைவரும்: பல்கலைக்கழகத்தில் 57.5 விழுக்காடு, எக்கோ மையங்களில் 58.2 விழுக்காடு.
* குணமடைந்தோர், சிகிச்சைக்கு எளிதில் கட்டுப்படாத முதலாம் மரபுவகைத் தொற்று உடையோர்: பல்கலைக்கழகத்தில் 45.8 விழுக்காடு, எக்கோ மையங்களில் 49.7 விழுக்காடு.
* கடுமையான பக்கவிளைவு ஏற்பட்டோர்: பல்கலைக்கழகத்தில் 13.7 விழுக்காடு, எக்கோ மையங்களில் 6.9 விழுக்காடு.

குணமடைந்தோர் விகிதத்தில் இரு இடங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மேலும், எக்கோ மையங்களில் சிகிச்சை பெற்றோருள் 68 விழுக்காட்டினர் சிறுபான்மை இனத்தவர். பல்கலைக்கழகத்தில் இது 49 விழுக்காடு. நகர மருத்துவமனையை எளிதில் அணுக இயலாத மக்களைத் திட்டம் சென்றடைந்தது என்பதை இது காட்டுகின்றது.

இவ்வாய்வில் நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்படவில்லை. அவரவர் சென்ற இடத்திலேயே சிகிச்சை பெற்றனர். எனவே இரு பிரிவினரின் உடல்நிலையும் முற்றிலும் ஒத்ததாக இருந்தது என்று கூற இயலாது. முடிவுகளைப் படிக்கும்போது இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

விரிவாக்கம்

பிற நோய்கள்

சிறைகளில் 2009 முதல், கைதிகளுக்கே பயிற்சி அளித்து அவர்கள் வாயிலாகச் சக கைதிகளுக்கு நோய்த்தடுப்பு பற்றிக் கற்பிக்கும் முறையும் சேர்க்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவத் துறை 2011 ஆம் ஆண்டு இம்முறையைத் தழுவிய தனித் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2014 முதல் நாட்பட்ட வலிக்கான எக்கோ அமர்வுகள் நடத்தப்பட்டன.

கல்லீரல் அழற்சி சி சிகிச்சையே இக்காலத்தில் மாறியது. 2013 திசம்பரில் சோபோசுபுவிர் என்னும் மாத்திரை ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்வகை மாத்திரைகளால் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமடைகின்றனர். இன்டர்பெரான் ஊசியின் தேவை பெரும்பாலும் நீங்கியது. குடும்ப மருத்துவர் தாமே சிகிச்சை அளிப்பது இதனால் மேலும் எளிதாயிற்று.

இந்தியா

பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பு அறிவியல் கழகம் 2014 ஆம் ஆண்டு மனநலம், போதைப் பழக்கம் ஆகியவற்றுக்கான எக்கோ அமர்வுகளைத் தொடங்கியது.

கல்லீரல் அழற்சி சி நோய்க்கு இம்முறை பெருமளவில் பயன்பட்ட இடம் பஞ்சாப் மாநிலம் ஆகும். அம்மாநில அரசு 2016 ஆம் ஆண்டு சூன் மாதம் இலவசச் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியது. 22 மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை அளிக்கப்பட்டது. அங்கிருந்த மருத்துவர்களுக்குச் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர்கள் எக்கோ முறையில் வழிகாட்டினர். 48,088 நோயாளிகளைப் பற்றிய முடிவுகள் 2019 ஆம் ஆண்டு வெளியாயின. இவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் ஊர்ப்புறத்தவர். சிகிச்சையை முடித்துப் பரிசோதனைக்கும் வந்தோருள் 91.6 விழுக்காட்டினர் குணமடைந்தனர். இந்திய அரசு 2018 சூலை 28 அன்று தேசியத் தீநுண்மக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

கொரோனாப் பெருந்தொற்று

2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது, ஐக்கிய அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் உயிரிழப்பு மிகுந்தது. அங்குப் பணிபுரிவோருக்குத் தொற்றுத் தடுப்பைக் கற்பிக்க எக்கோ முறையில் நாடு தழுவிய வலையமைப்பு ஒன்று அமைக்கப்பட்டது. 9,000-க்கும் மேற்பட்ட இல்லங்கள் இதில் பங்கேற்றன.

விமர்சனங்களும் வரம்புகளும்

* சான்றுகளின் தரம்: 2016 திசம்பரில் இயற்றப்பட்ட ஐக்கிய அமெரிக்கச் சட்டம் ஒன்று, இம்முறையின் பயனை ஆராய்ந்து காங்கிரசுக்கு அறிக்கை தருமாறு நடுவண் உடல்நலத் துறையைப் பணித்தது. 2019 ஆம் ஆண்டு வெளியான அறிக்கை, மருத்துவர்களின் அறிவும் தன்னம்பிக்கையும் உயர்வதற்குச் சான்றுகள் உள்ளன எனினும், நோயாளிகள் அடைந்த பயனைக் காட்டும் ஆய்வுகள் குறைவு, அவற்றின் தரமும் போதாது என்று குறிப்பிட்டது. கல்லீரல் அழற்சி சி நோயில் கிட்டிய வெற்றி பிற நோய்களிலும் அவ்வாறே கிட்டும் என்று கொள்வதற்கில்லை.
* நேரம்: அமர்வில் செலவிடும் நேரத்தில் மருத்துவர் தம் நோயாளிகளைப் பார்க்க இயலாது. பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப வருமானம் பெறும் மருத்துவருக்கு இது இழப்பாகும். ஒரே மருத்துவர் மட்டும் உள்ள ஊரில் இடர்ப்பாடு மேலும் மிகுதி. அதாவது, இக்கல்வி யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே நேரம் ஒதுக்குவது கடினமாகின்றது.
* நிதி: நிபுணர் குழுவின் நேரத்துக்கான செலவை நோயாளியிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ நேரடியாகப் பெற வழியில்லை. எனவே பல எக்கோ திட்டங்கள் அரசு மானியத்தையும் அறக்கட்டளைகளின் நன்கொடையையும் சார்ந்துள்ளன.
* தன்விருப்பம்: கற்கும் ஆர்வம் உள்ள மருத்துவர்களே இத்தகைய திட்டங்களில் சேர்கின்றனர். ஆதலால் கிடைக்கும் நற்பயனில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, அவர்களது இயல்பான ஆர்வத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.
* பொருந்தாத இடங்கள்: அறுவை சிகிச்சை போன்ற கைத்திறனைத் திரை வழியாக இவ்வாறு கற்பிக்க இயலாது. உடனடி முடிவு தேவைப்படும் அவசர நிலைகளுக்கும் வாராந்திர அமர்வு உதவாது.

மருந்து கிடைத்தல், குருதிச் சோதனைக்கான வசதி, நோயாளியின் பொருளாதார நிலை ஆகியவற்றைக் கல்வி மட்டும் மாற்றிவிடுவதில்லை. பஞ்சாபில் மருத்துவர்களுக்கான பயிற்சியுடன் மருந்தும் இலவசமாக வழங்கப்பட்டது. இவ்விரண்டும் இணைந்த இடங்களிலேயே இம்முறை முழுப் பயன் தருகின்றது.

இவற்றையும் பார்க்க

* குடும்ப மருத்துவம்
* தொடர் மருத்துவக் கல்வி
* தொலை மருத்துவம்
* கல்லீரல் அழற்சி சி